மாடிக் கொடியில் வெள்ளைக் கோட்டு

மணி என்ன ஆவுதுன்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. பத்து அஞ்சா? அப்ப நேரம் கெடக்கு. பதினோரு மணிக்குத்தான் நாகர்கோவில்ல எனக்கு வேலை. எனக்க செல்போன ரெண்டு நாளாக் காணல, அதான் உங்களத் தொந்தரவு பண்ணுதேன். வீட்டுக்குள்ளதான் எங்கயாவது கெடக்கும். தேடித் தர ஆளு இல்ல.

அந்தப் பைய கொஞ்சம் அங்கோட்டு நவுத்தி வையுங்க. கோவிச்சுக்கிடாதிய. சிப்பிதான உள்ள? நீங்க ஏறும்போதே தெரிஞ்சு போச்சு. இருபத்திரெண்டு வருசம் இந்த வாடைக்குள்ளதான் சோறு தின்னுருக்கேன். ஆனா ஒரு சிப்பிய வாயில வச்சதில்ல. இனியும் வைக்க மாட்டேன்.

யாரு சோதிச்சா இந்தச் சிப்பிய? சிரிக்கிறிய. எல்லாரும் அப்பிடித்தான் சிரிப்பாவ. பாறையில ஒட்டிக் கெடக்கிற சீவன், கடல் தண்ணிய இழுத்து இழுத்து, அதுல இருக்கிற பாசியத் தின்னு வளருது. சில மாசம் கடல்ல விஷப் பாசி பெருகும். அதத் தின்னா சிப்பிக்கு ஒண்ணும் ஆவாது, அது பாட்டுக்குக் கொழுத்துக் கெடக்கும். அந்தச் சிப்பியத் தின்ன மனுசனுக்குத்தான் கேடு. அவிச்சாலும் போவாது, பொரிச்சாலும் போவாது. மணத்துலயும் தெரியாது, ருசியிலயும் தெரியாது. அதக் கண்டுபிடிக்கத்தான் பனவிளைத்துறையில எங்க சோதனைக்கூடம் இருந்துது. இருந்துதுன்னுதான் சொல்லணும். மூணு மாசமாப் பூட்டிக் கெடக்கு.

பூட்ட வச்சது யாருன்னு கேளுங்க. ஒரு பொம்பள. டாக்டர் சுகிர்தா. ஈரோட்டுக்காரி. ஊசி போடுத டாக்டர் இல்ல, படிச்சு வாங்குன டாக்டர். இன்னைக்கு அவ மேல விசாரணை. நான் சாட்சி. நான் சொல்லப்போறத எழுதி, இந்தா, சட்டைப் பையில வச்சிருக்கேன். நாலே வரி. அந்த நாலு வரி போதும், அவளுக்க வேலை போவும். வேலையோட நின்னா அவளுக்கு நல்ல காலம். ஒரு ஆளு செத்திருக்கான்லா.

மொதல்ல இருந்து சொல்லுதேன். இல்லன்னா நீங்களும் ஊர்க்காரனுவள மாதிரி எம்மேலயே பழியப் போடுவிய.

எனக்குப் பேரு தவமணி. எங்க பக்கம் வந்து எலி டாக்டர்னு கேட்டாத்தான் வீட்டக் காட்டுவாவ. சோதனைக்கூடத்துல எலி வீடு எனக்க பொறுப்பு. வெள்ளைச் சுண்டெலி, ஒவ்வொண்ணும் இருபது கிராம் இருக்கணும், கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. சிப்பி வந்தா சதைய அரைச்சு, ஆசிட்டுத் தண்ணியில கொதிக்க வச்சு வடிப்பேன். அந்தச் சாறுல ஒவ்வொரு மில்லி எடுத்து மூணு எலிக்கு வயித்துல ஊசி. பொறவு கடிகாரத்தக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்துருவேன். விஷம் இருந்தா எலி மொதல்ல பின்னங்காலப் பரப்பும். பொறவு ஒரு தாவு தாவும். பொறவு வாயத் தொறந்து தொறந்து மூச்சுக்கு அலையும். கடைசி மூச்சு எதுன்னு பாத்து நேரத்தக் குறிக்கணும், அத வச்சுத்தான் விஷம் எவ்வளவுன்னு சொல்ல முடியும். கடைசி மூச்சு எது, அதுக்கு முந்தின மூச்சு எதுன்னு பிரிச்சுப் பாக்க ஒரு கண்ணு வேணும். அந்தக் கண்ணு எனக்கு இருந்துது. மெட்ராஸ்ல இருந்து வந்த ஆபீசர்மாரே எங்கிட்டக் கேட்டுத்தான் எழுதுவாவ.

எலி செத்தா சிப்பி விஷம். எலி பொழச்சா சிப்பி நல்லது. இதுல என்ன சந்தேகம் இருக்கு? சின்னப் பிள்ளைக்கும் வெளங்கும்.

முடிவு தெரிஞ்சதும் அத டைப் அடிச்சு, கையெழுத்து வாங்கி, மீனவர் சங்கத்துக்கு அனுப்ப ஒரு நாள் ஆவும். அதுவரைக்கும் முங்கிச் சிப்பி எடுக்கிற ஆளுவ கரையில சும்மா உக்காந்து கெடப்பாவ. பாக்கச் சகிக்காது. அதனால நானா ஒரு ஏற்பாடு செஞ்சேன். சிப்பி நல்லதுன்னா எனக்க வெள்ளைக் கோட்டத் தொவச்சு மாடிக் கொடியில காயப் போடுவேன். கடற்கரையில எங்க நின்னாலும் அது தெரியும். கோட்டு கெடந்தா எறங்கலாம், கோட்டு இல்லன்னா எறங்கக் கூடாது. எவன் எழுதி வச்ச சட்டமும் இல்ல. இருபது வருசம் பனவிளைத்துறை முழுக்க எனக்க கோட்டப் பாத்துத்தான் கடல்ல எறங்கினாவ. கோட்டு போட்ட அன்னைக்கு மொதல்ல எடுத்த சிப்பியில ஒரு குவியல் எனக்க வீட்டுக்கு வரும். நான் திங்க மாட்டேன், ஆனா எனக்க பொண்டாட்டி லீலாபாய்க்குச் சிப்பின்னா உயிரு. மரச்சீனிக் கிழங்க அவிச்சு, சிப்பிய மிளகு போட்டு வரட்டி வச்சான்னா தெருவே மணக்கும்.

அப்பிடி இருந்த எடத்துக்குத்தான் ரெண்டு வருசத்துக்கு முந்தி இந்த சுகிர்தா வந்தா. வந்த மொத வாரமே எலி வீட்டச் சுத்திப் பாத்துட்டு மூக்கப் பொத்துனா. "இந்த எலிகளுக்கு இனி வேலை இல்லைங்க அண்ணா"ன்னா. எலிக்கு வேலை இல்லன்னா எனக்கும் வேலை இல்லன்னுதான அர்த்தம்? அத நேராச் சொல்லத் தைரியம் இல்ல. அண்ணாவாம் அண்ணா. எனக்க கூடப் பொறந்தவளா அவ?

எலிக்குப் பதிலா என்ன கொண்டு வந்தான்னு கேளுங்க. செல்லு. உயிரணுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கும்லா, அதுதான். எந்தக் காலத்துலயோ ஒரு எலியோட நரம்புக் கட்டியில இருந்து எடுத்ததாம். எலி செத்து எத்தனையோ வருசம் ஆச்சு, அந்தக் கட்டியில இருந்து வந்த செல்லு இன்னும் கண்ணாடிக் குப்பியில வளந்துக்கிட்டே இருக்காம். அதுக்கு நம்ம உடம்புச் சூட்டுல ஒரு பொட்டி. ரோசாப்பூ நெறத்துல தண்ணிச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுல கன்னுக்குட்டி ரத்தத்துல இருந்து எடுத்த தெளிவு கலக்கணும். ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போவாம வந்து அதுக்குச் சாப்பாடு மாத்துவா. எனக்கு என்ன வேலை தெரியுமா? அந்தப் பொட்டிக்குள்ள தட்டுல தண்ணி கொறைஞ்சா ஊத்தணும். குப்பி கழுவணும். ஆபீசர்மாரு கேட்டு எழுதின மனுசன், குப்பி கழுவுதேன்.

ஒரு காரியம் மட்டும் ஒத்துக்கிடுதேன். மைக்ராஸ்கோப்புல அந்தச் செல்லப் பாக்க நல்லாத்தான் இருந்துது. அடியில ஒட்டிக்கிட்டு, சின்னச் சின்னக் கைய நீட்டி, பக்கத்துல இருக்கிறதத் தொட்டுக்கிட்டுக் கெடக்கும். செத்தா உருண்டையா ஆவி மெதக்கும். இருபத்திரெண்டு வருசமா சாவுறதத்தான பாத்திருக்கேன். ஒண்ணு உசிரோட வளருறதப் பாக்கையில மனசு எளகித்தான் போச்சு. அவ இல்லாத நேரமாப் பாத்து அடிக்கடி போய்ப் பாப்பேன்.

அவ என்ன செய்வான்னா, தொண்ணூத்தாறு குழி இருக்கிற ஒரு பிளாஸ்டிக் தட்டுல செல்ல வளத்து, அதுல ரெண்டு மருந்தும் சிப்பிச் சாறும் விடுவா. மறுநாள் பாப்பா. எது செத்துது, எது பொழச்சுதுன்னு பாத்துச் சொல்லுவா. அவ்வளவுதான். இதுக்கு ஒரு டாக்டரு பட்டம்.

எனக்குச் சொல்லித் தரேன்னு மூணு தடவை உக்கார வச்சா. "அண்ணா, இது எலி மாதிரி இல்லைங்க. நல்லாக் கேட்டுக்குங்க"ன்னு ஆரம்பிப்பா. எலி மாதிரி இல்லன்னு அவ வாயால வந்ததுமே எனக்குக் காது அடைச்சுப் போவும். தலைய மட்டும் ஆட்டுவேன். கடைசியில ஒரு பெரிய தாள்ல தமிழ்ல எழுதி, படம் வேற போட்டு, பொட்டிக்கு மேல செவத்துல ஒட்டிட்டா. வாறவன் போறவன் எல்லாம் பாக்கணும், தவமணிக்கு இது தெரியாதுன்னு. எனக்கு வந்த ஆத்திரத்துல சர்ச்சுல குடுத்த காலண்டர அதுக்கு மேல மாட்டிட்டேன். அதே ஆணியிலதான். அவ பாத்தா. மறுநாள் காலண்டர எடுத்துப் பக்கத்துல வேற ஆணி அடிச்சு மாட்டியிருந்தா. நான் திரும்பவும் பழைய ஆணியிலயே மாட்டினேன். அதுக்குப் பொறவு அவ தொடல.

கோட்டு விசயத்துலயும் மூக்க நொழைச்சா. "இனி கையெழுத்துப் போட்ட தாள் போனாத்தானுங்க அவங்க இறங்கணும். கோட்டு காயப் போடாதீங்க அண்ணா." எனக்க கோட்டு, நான் தொவைக்கேன், நான் காயப் போடுதேன். இதுக்கும் அவகிட்ட உத்தரவு வாங்கணுமா?

சரி, இந்த வருசம் ஆவணி மாசம் வந்துது. கடல் துருப் பிடிச்ச நெறத்துல கெடந்துது. நீங்களும் பாத்திருப்பிய. ரெண்டு வாரம் சிப்பி எடுக்கக் கூடாதுன்னுட்டா. முங்குறவனுவ கொதிச்சுப் போய்க் கெடந்தானுவ. எங்க ஊருத் திருநாளு வேற அந்தச் சனிக்கெழமை கொடியேறுது. பனவிளைத்துறையில திருநாளுக்குச் சிப்பி இல்லாத வீடு கெடையாது. ஆளுவ தெனம் மாடிய அண்ணாந்து பாக்கானுவ. கொடி வெறுமன கெடக்கு. எனக்குத்தான் அவமானம்.

கடல் தெளிஞ்சதும் வியாழக்கெழமை புதுச் சிப்பி கொண்டு வந்து குடுத்தாவ. அவ சாறு எடுத்து, தட்டுல விட்டு, பொட்டியில வச்சா. வெள்ளிக்கெழமை காலையில திருவனந்தபுரத்துல ஏதோ கூட்டம்னு கெளம்புனா. "சாயந்திரம் அஞ்சு மணிக்கு வந்து பார்த்துருவேனுங்க. அதுவரைக்கும் பெட்டியத் தொறக்க வேண்டாங்க அண்ணா"ன்னுட்டுப் போனா. பொட்டிக்குப் பூட்டுப் போட்டாளா? போடல. பூட்டாம போனது யாருக்க தப்பு? நீங்களே சொல்லுங்க.

மூணு மணிக்குக் கிளமென்ஸ் வந்தான். அவனப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். முப்பத்தோரு வயசு. எங்க கரையில அவன மாதிரி மூச்சுப் புடிச்சு அடியில கெடக்க ஆளு கெடையாது. மொதக் குவியல எனக்க வீட்டுல கொண்டு போடுறவன் அவன்தான். வந்து கேட்டுல நின்னு, "அண்ணாச்சி, அந்தம்மா வாறதுக்குள்ள இருட்டிரும். நாளைக்குத் திருநாளு. நீங்க பாத்துச் சொல்லப்பிடாதா? உங்க கண்ணுக்குத் தெரியாததா?"ன்னான். ரெண்டு வருசத்துக்குப் பொறவு ஒருத்தன் எனக்க கண்ண நம்பிக் கேக்கான். இல்லன்னு சொல்ல முடியுமா? உங்களால முடியுமா?

கையக் கழுவி, கிளவுசு போட்டு, மொறையாத்தான் தட்ட எடுத்தேன். மைக்ராஸ்கோப்புல வச்சேன். மொத வரிசையில சிப்பிச் சாறே கெடையாது, வெறும் மருந்து மட்டும். அதுல செல்லு அம்புட்டும் செத்து உருண்டு மெதக்குது. மருந்து கெட்டுப் போச்சு போல, இவளுக்க வேலை இவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன். அடுத்த ஆறு வரிசையில சிப்பிச் சாறு விட்டது. பாக்கேன், எல்லாம் உசிரோட இருக்கு. ஒண்ணு பாக்கியில்லாம கைய நீட்டிக்கிட்டு, நல்லாக் கொழுத்து, ஒட்டிக் கெடக்கு. எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு அண்ணாச்சி. பொய் சொல்லல. சிப்பி நல்லதுன்னு ஆளுவளுக்குச் சொல்லப்போறோமேன்னு அவ்வளவு சந்தோசம்.

மாடிக்குப் போயி, தொவைக்கக்கூட இல்ல, அப்பிடியே கோட்ட ஒதறிக் கொடியில போட்டேன். கரையில இருந்து ஒரு கூச்சல் கேட்டுது பாத்துக்கிடுங்க. இருபது வருசத்துல அப்பிடிக் கேட்டதில்ல. அஞ்சு நிமிசத்துல ஒரு வள்ளம் கூடக் கரையில இல்ல.

அவ போனு அடிச்சா. எனக்க போனுல சேவல் கூவுற சத்தம் வச்சிருப்பேன், அஞ்சு மணிக்கு எந்திக்கிற ஆளுல்லா நான். சேவல் கூவுச்சு. பாத்தேன், அவ பேரு. அதிகாரம் பண்ணத்தான அடிக்கான்னு எடுக்கல. திரும்பக் கூவுச்சு. எடுக்கல. நாலு தடவை கூவுச்சு. களியக்காவிளையில மறியல், பஸ்ஸு நிக்குது, அதச் சொல்ல அடிச்சாளாம். பொட்டியத் தொறக்காதிய, நான் வர நேரமாவும்னு சொல்லத்தான் அடிச்சாளாம். அத ஒரு மெசேஜா அனுப்பினா என்ன? அனுப்பத்தான் செஞ்சா, எனக்க போனுல இப்பவும் கெடக்கு. அதப் பொறவுதான் பாத்தேன்.

ஆறரைக்கு வந்தா. ஆட்டோவுல வரும்போதே மாடியில கோட்டப் பாத்துட்டா. செருப்ப அங்கயே விட்டுட்டு ஓடுதா, கரைக்கு. சேலையோட கடலுக்குள்ள எறங்கி, இடுப்பளவு தண்ணியில நின்னு, வாற வள்ளத்தப் பாத்துக் கத்துதா, "கொட்டிருங்க, கொட்டிருங்க"ன்னு. அவளுக்க போனு தண்ணிக்குள்ள போச்சு, அதக்கூடக் கவனிக்கல. கடைசி ரெண்டு வள்ளத்துச் சிப்பியக் கடல்லயே கொட்ட வச்சா. ஊரு முன்னால எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? எனக்க கோட்டப் பாத்து எடுத்த சிப்பி.

நானும் விடல. எல்லாரும் கேக்கத்தான் கேட்டேன். "செல்லு ஒண்ணும் சாவலியே, எல்லாம் உசிரோட இருக்கே, எப்பிடி விஷம்னு சொல்லுத?"ன்னேன். அவ எனக்க மூஞ்சியப் பாத்தா. அழுகையும் இல்ல, கோவமும் இல்ல. மெதுவாச் சொன்னா. "அந்த ரெண்டு மருந்தும் செல்லோட கதவத் தொறந்து போட்டுருமுங்க அண்ணா. உப்பு உள்ள பூந்து செல்லு செத்துரும். சாகணும். இந்தப் பாசி விஷம் அதே கதவ அடைக்கிற விஷம். அது இருந்தாத்தான் செல்லு பொழைக்கும். பொழச்சா விஷம். செத்தா நல்லது. மூணு தடவை சொன்னேனுங்களே."

சொன்னாளாம். பொழச்சா விஷமாம், செத்தா நல்லதாம். இப்பிடி ஒரு தலகீழ் சோதனைய எவன் கண்டுபிடிச்சான்? அதக் கொண்டு வந்து இருபத்திரெண்டு வருசம் எலி பாத்தவனுக்க கையில குடுத்தா அவன் என்ன செய்வான்? சொல்லுங்க. நீங்க ஏன் வெளிய பாக்கிய?

பொறவு வீடு வீடாப் போயித் திங்காதியன்னு சொல்லக் கெளம்புனா, ஆளுவளும் கூடப் போனாவ. போறதுக்கு முன்னால எங்கிட்டக் கேட்டா. "அண்ணா, உங்க வீட்டுக்குச் சிப்பி போயிருக்குதுங்களா?"

போயிருந்துது. அஞ்சு மணிக்கே கிளமென்ஸ் மொதக் குவியலக் குடுத்துட்டுத்தான் திரும்பக் கடலுக்குப் போனான். ஆனா அவகிட்ட அதச் சொல்ல எனக்கு வாய் வரல. "எங்க வீட்டுல யாரும் சிப்பி திங்க மாட்டாவ"ன்னுட்டேன். நான் அவள நம்பலியே அண்ணாச்சி. செல்லு ஒண்ணுகூடச் சாவல, பொறவு எங்க இருந்து வரும் விஷம்? இப்பிடித்தான் நெனச்சேன்.

வீட்டுக்குப் போனா, லீலாபாய் கிழங்கும் சிப்பியும் எடுத்து வச்சுத் தின்னுக்கிட்டு இருக்கா. எதுத்தாப்புல உக்காந்தேன். ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரத்துல, "இஞ்ச பாருங்க, உதடு ஒரு மாதிரி மரத்துப் போவுது"ன்னா. "மிளகு கூடிப் போச்சு"ன்னேன். தின்னா. பொறவு வெரல ஒதறினா. எந்திக்கப் பாத்தா, காலு பரப்பிக்கிட்டு விழுந்தா. வாயத் தொறந்து தொறந்து மூச்சு இழுக்கா. அந்த மூச்சு எனக்குத் தெரியும். கடிகாரத்தக் கையில வச்சுக்கிட்டு எத்தனை ஆயிரம் தடவை பாத்திருக்கேன். எனக்க கண்ணு தன்னால மணியத்தான் பாத்துது. ஏழு பத்து.

ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் மெசின்ல மூச்சு விட்டா. பொழச்சுக்கிட்டா. இதுக்கு மருந்து கெடையாது, விஷம் தன்னால எறங்குற வரைக்கும் மூச்சுக் குடுக்கணும், அவ்வளவுதான். பதினோரு பேர அன்னைக்கு அங்க தூக்கிட்டுப் போனாவ, பத்துப் பேரு எந்திச்சு வந்தாவ. கிளமென்ஸ் வரல. அவன் வள்ளத்துலயே அடுப்பு வச்சு அவிச்சுத் தின்னிருக்கான். கரைக்குக் கொண்டு வரும்போதே மூச்சு இல்ல. அவ்வளவு மூச்சுப் புடிக்கிற பய. நான் அழுதேன். ஊர்க்காரனுவ நம்ப மாட்டானுவ, ஆனா நான் அழுதேன்.

லீலாபாய் கண்ண முழிச்சதும் கேட்ட மொதக் கேள்வி, "கோட்ட யாரு போடச் சொன்னா?" சுத்தி ஆளுவ நிக்காவ. கிளமென்ஸுக்க அம்மை நிக்கா. என்ன சொல்லுவேன்? "மேடம்தான் போனுல சொன்னா, பாத்துட்டுப் போடுங்கன்னு"ன்னேன். வாயில வந்துது, சொல்லிட்டேன். போலீசுலயும் அதத்தான் சொன்னேன். இந்த நாலு வரியும் அதுதான்.

அடுத்த நாளு அவ ஆஸ்பத்திரிக்கு வந்தா. லீலாபாய் அவளுக்க கையப் புடிச்சு, "நீங்களா சொன்னிய?"ன்னு கேட்டா. அவ என்னப் பாத்தா. இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? சொல்லல. "தட்டு என் பொறுப்புங்க அக்கா. பூட்டாமப் போனது என் தப்பு"ன்னா. விசாரணைக்காரங்ககிட்டயும் அதே பாட்டு. தப்பு இல்லாதவ அப்பிடிச் சொல்லுவாளா? என்னக் காட்டிக் குடுக்காம விட்டுப் பெரிய மனுசி ஆவப் பாக்கா. அதுவும் ஒரு திமிரு. அவளுக்க மத்த அம்புட்டுத் திமிரையும் பொறுத்துக்கிடலாம், இத மட்டும் என்னால பொறுக்க முடியல.

லீலாபாய் அதுக்குப் பொறவு ஒண்ணும் கேக்கல. வீட்டுக்கு வந்த அன்னைக்கு எனக்க போன எடுத்து வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. அன்னையில இருந்து எங்கிட்டப் பேச்சு இல்ல. சோறு வைப்பா, பேச மாட்டா. மூணு மாசம். அந்த விஷம் நாக்கத்தான் புடிச்சிருக்கும்னு டாக்டர்கிட்டக் கூடக் கேட்டேன். அப்பிடி எல்லாம் ஒண்ணும் இல்லன்னுட்டாரு. மத்தவியகிட்ட நல்லாத்தான் பேசுதா.

அந்தா, முன்னால பொம்பளைய சீட்டுல, சன்னலோரமா மஞ்சச் சேலை உடுத்தியிருக்கால்லா, அவதான். ஆமா, எனக்க பொண்டாட்டிதான். ஒரே ஸ்டாப்புல ஏறுனோம். நாகர்கோவில்ல அவளுக்கு என்ன சோலியோ தெரியல. மடியில ஒரு பை வச்சிருக்கா, பாருங்க, அத ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டே வாறா. டிக்கெட்டுகூட அவளே தனியா எடுத்துக்கிட்டா.

என்ன கேக்கிய? உங்க சிப்பியத் திங்கலாமாவா? எங்கிட்டக் கேக்காதிய. கடல் தெளிவாத்தான் கெடக்கு. ஆனா எங்கிட்டக் கேக்காதிய. அங்க கெடந்த பொட்டிய அணைச்சாச்சு, செல்லு எல்லாம் பசியில செத்திருக்கும். எலியும் இல்ல. சோதிச்சுச் சொல்ல இந்தக் கரையில இருந்தது அவ ஒருத்திதான். அவளையும் இன்னைக்கு... சரி, விடுங்க. கண்டக்டர் குரல் குடுக்காரு. அந்தா தெரியுதுல்லா மஞ்சக் கட்டடம், அங்கதான் விசாரணை. மணி என்ன? பத்து அம்பதா? வாறானா இல்லியான்னு கேக்க இந்நேரம் ஆபீசுல இருந்து எனக்குப் போனு அடிச்சிருப்பாவ.

கேட்டியளா?

சேவல் கூவுது. பஸ்ஸுக்குள்ள சேவல் எங்க இருந்துன்னு எல்லாரும் சிரிக்காவ பாருங்க. முன்னால இருந்துதான் கூவுது. லீலாபாய் மடியில, அந்தப் பைக்குள்ள.

எடுக்கல அவ. கூவட்டும்னு வச்சுக்கிட்டே எந்திச்சுட்டா. திரும்பிக்கூடப் பாக்கல. எறங்குதா. அந்த மஞ்சக் கட்டடத்துக்குத்தான் போறா. வாசல்ல சுகிர்தா நிக்கா, அவகிட்டத்தான் போறா.

இல்ல, நீங்க வழி விடண்டாம். உக்காருங்க. நான் எறங்கல.

அண்ணாச்சி, இந்த வண்டி இதுக்கு மேல எங்க போவும்?